காரின் கணினி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருமலைக்கு ஓடும் டாக்சிகளில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ இன்று சகஜம். ஓட்டுநரின் கைப்பேசியில், காரின் எரர் கோடைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் செயலியும் இருக்கும். கூடவே, ஸ்டாண்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனைகளும் உண்டு. அவற்றில் சில, ஓடுகிற வண்டியை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நம்பிக்கை: டாஷ்போர்டில் இருக்கும் திரைதான் காரின் கம்ப்யூட்டர்.

உண்மை: இன்ஜினுக்கு ஒன்று, ஏபிஎஸ் பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று ஒரே காரில் பல கணினிகள் இருக்கின்றன. அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தடம்தான் கேன் பஸ். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அதை 1986இல் அறிமுகப்படுத்தியது. வெளியே வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ, பல கார்களில், கேன் பாக்ஸ் என்ற சிறு பெட்டி மூலம் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் ஸ்டீயரிங் பட்டன்களைப் புரிந்துகொள்கிறது. அதனால் திரை ஸ்தம்பித்தாலும் இன்ஜின் அதன்பாட்டுக்கு ஓடும்.

நம்பிக்கை: ஸ்கேனரில் எரர் கோடை அழித்தால் பழுது போய்விடும்.

உண்மை: விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும். கோடோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவும் அழிந்துவிடும். பழுது தோன்றிய நொடியில் வேகம் என்ன, இன்ஜின் சுற்று என்ன, கூலன்ட் சூடு என்ன என்று அதில்தான் இருக்கும். அலிபிரியிலிருந்து மலையேறும்போது வந்த கோளாறா, சித்தூர் சாலையில் சமதளத்தில் வந்ததா என்று மெக்கானிக் கண்டுபிடிக்க அதுவே தடயம். முதலில் கோடை எழுதிக்கொள்ளுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுங்கள். அழிப்பது அதற்குப் பிறகு.

நம்பிக்கை: பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் கணினி புதிதாகிவிடும்.

உண்மை: இன்ஜின் கணினியின் மென்பொருள் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, மின்சாரம் போனாலும் அது அழியாது. பல வண்டிகளில் அழிவது, ஓட ஓடக் கணினி கற்றுக்கொண்ட எரிபொருள் அளவும் ஐடிலிங் சரிகட்டலும்தான். அதனால் சில நாள் ஐடிலிங் ஏறி இறங்கலாம். ஆட்டோ ஜன்னல் கண்ணாடியை மறுபடி பழக்க வேண்டிவரலாம். பேட்டரி உண்மையில் முக்கியமாவது மென்பொருள் ஏற்றும்போது. நடுவில் மின்னழுத்தம் விழுந்தால் கணினி பாதியில் நின்றுவிடும். திருப்பதி மண்ணிலேயே தயாராகும் அமரான் பேட்டரி என்றாலும், அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு சார்ஜர் வேண்டும்.

நம்பிக்கை: புது அப்டேட் போட்டால் ஸ்டீரியோவின் எல்லாக் குறையும் தீரும்.

உண்மை: இந்தப் பெட்டிகளுக்குள் இரண்டு மென்பொருள்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஆண்ட்ராய்டு. மற்றொன்று எம்சியு. மின்சாரம், ரேடியோ, பட்டன்கள் எல்லாம் அதன் பொறுப்பு. வெளிமுகம் ஒன்றாக இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குள் வேறு வேறு போர்டு இருக்கலாம். ஒன்றுக்கான கோப்பை இன்னொன்றில் ஏற்றினால் பெட்டி எழுந்திருக்காது. ஆகவே எதையும் தொடுமுன் ‘அபவுட்’ பக்கத்தைப் படம் எடுங்கள்: எம்சியு பதிப்பும் ஆண்ட்ராய்டு பில்டு எண்ணும் அங்கே இருக்கும். ஃபேக்டரி செட்டிங்ஸில் உங்கள் கார் எந்த கேன் வகையாகத் தேர்வாகியிருக்கிறது என்பதையும் குறியுங்கள். அந்தப் பக்கத்தைத் திறக்கும் ரகசிய எண்ணை, பொருத்திய அன்றே கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.

நம்பிக்கை: சேஷாசலக் காட்டுக்குள் டவர் இல்லையென்றால் ஜிபிஎஸ் வேலை செய்யாது.

உண்மை: ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரே வருவது, அதற்கு இணையம் தேவையில்லை. தேவைப்படுவது வரைபடத்துக்குத்தான். திருப்பதி, சித்தூர் பகுதியின் வரைபடத்தைப் புறப்படுமுன் இறக்கிவைத்தால் போதும். இடத்தைப் பிடிக்க முதலில் கொஞ்சம் நேரமாகலாம். அப்படியும் தடுமாறினால், ஆண்டெனா இரும்புத் தகட்டுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முன்கண்ணாடிக்கு அருகே அது வானத்தைப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு. கையுறைப் பெட்டியில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றியது என்ன, பழைய அமைப்பு என்ன, புதியது என்ன, செய்தவர் யார் என்று எழுதுங்கள். ஷிப்டுக்கு ஓர் ஓட்டுநர் மாறும் வண்டிக்கு இது இரட்டிப்பு அவசியம். நேற்று யார் எதைத் தொட்டார் என்று தெரிந்தால் பழுது பார்ப்பவர் அங்கிருந்தே தொடங்கலாம். தெரியாவிட்டால் அவர் ஊகிப்பார், அந்த ஊகத்துக்கும் கூலி நம்முடையது.