விழுந்தால் சொல்லுங்கள்: பாறை ஏறுவோரிடம் ஒரு பாடம்

பத்துமலையில் 272 படிகள் ஏறி முருகனைத் தரிசித்திருப்பீர்கள். அதே சுண்ணாம்புக் குன்றுகளின் வேறொரு பக்கத்தில், குவா டாமாய் என்னும் இடத்தில், செங்குத்தான பாறைச் சுவரில் ஏறிப் பழகுவோரைக் காணலாம். பாறை ஏறுதல் இன்று ஓர் ஒலிம்பிக் விளையாட்டு. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்றது.

நீங்கள் பாறை ஏற வேண்டியதில்லை. ஆனால், விழுவதைப் பற்றி அவர்கள் கொண்டுள்ள பழக்கங்கள் மூத்தோருக்கும் உதவும்.

எப்படி ஏறுகிறார்கள்?

பாறையில் ஏற்கெனவே உலோக ஆணிகள் பதிக்கப்பட்டிருக்கும். ஏறுபவர் இடுப்பில் வார் அணிந்து, அதில் கயிற்றைக் கட்டிக்கொள்கிறார். மேலே போகப் போக, அந்தக் கயிற்றை ஒவ்வோர் ஆணியிலும் கொக்கியால் மாட்டுகிறார். கயிற்றின் மறுபக்கம் கீழே நிற்கும் துணைவரிடம் இருக்கும். கால் வழுக்கினால் துணைவர் கயிற்றை இறுக்கி நிறுத்துவார்.

நான்கு பாடங்கள்

1. புறப்படுமுன் சரிபாருங்கள்.
ஏறுபவரும் துணைவரும் ஒருவர் மற்றவரின் வாரையும் முடிச்சையும் பார்த்த பிறகே ஏறத் தொடங்குவார்கள். நீங்களும் குளியலறைக்குப் போகுமுன் பாருங்கள்: தரை ஈரமா? விளக்கு எரிகிறதா? செருப்பு வழுக்காததா?

2. கால்களைப் பலப்படுத்துங்கள்.
புதியவர்கள் கைகளால் இழுத்து விரைவில் களைத்துவிடுவார்கள். அனுபவசாலிகள் பாதம் வைக்கும் இடத்தைப் பார்த்து, கால் பலத்தில் ஏறுவார்கள். சுவரோடு ஒட்டிய உறுதியான நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். முட்டிவலியோ தலைச்சுற்றலோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

3. களைத்தால் நில்லுங்கள்.
களைத்துப்போனவர் கயிற்றை இறுக்கச் சொல்லி, அதில் தொங்கியபடியே ஓய்வெடுப்பார். அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. நீங்களும் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து, இடையில் நின்று மூச்சு வாங்குங்கள். படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்திருந்து பிறகு நில்லுங்கள். இரத்த அழுத்த மருந்து சிலருக்குத் தலைச்சுற்றலைத் தரலாம்.

4. விழுந்ததை மறைக்காதீர்கள்.
இதுவே முக்கியமான பாடம். பாறையில் விழுவது அன்றாட நிகழ்ச்சி. விழுந்தவுடன், "எங்கே கால் வழுக்கியது?" என்று இருவரும் பேசுவார்கள். அடுத்த முறை எங்கே கால் வைக்கலாம் என்று கீழே நிற்பவர்களும் சொல்வார்கள்.

நம்மில் பலரோ, "பிள்ளைகளுக்கு ஏன் தொந்தரவு" என்று மறைத்துவிடுகிறோம். ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு அதிகம். கண்பார்வை, மருந்து, கால் பலவீனம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் அதைக் கண்டறிந்து சரிசெய்ய முடியும்.

விழுந்துவிட்டால்

• அவசரப்பட்டு எழாதீர்கள். வலி இருக்கிறதா என்று கவனியுங்கள்.
• எழ முடியாவிட்டால் குரல் கொடுங்கள், அல்லது 999ஐ அழையுங்கள்.
• தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் சிறிதும் தாமதிக்கக் கூடாது.
• அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

உங்களையே கேட்டுப் பாருங்கள்

கடந்த ஓராண்டில் நான் விழுந்தேனா? அதை யாரிடம் சொன்னேன்?

யாரிடமும் சொல்லவில்லை என்றால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். உங்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கட்டும்.