தனித்தனியே சரி, சேர்ந்தால்?

பத்து மாணவியர் தனித்தனியே நன்றாகப் பாடுவர். ஆனால் யார் முதலில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்னும் ஒழுங்கு இல்லையெனில் சேர்ந்திசை குலைந்துவிடும். கணிப்பொறிகளும் அவ்வாறே. ஒரே நேரத்தில் இயங்கும் பல கணிப்பொறிகள் தம்முள் செய்தி பரிமாற வகுத்த ஒழுங்கினை ‘நெறிமுறை’ என்பர்.

1978-ஆம் ஆண்டில் ரோஜர் நீடாம், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அறிஞர்கள் ஒரு நெறிமுறையை வெளியிட்டனர். முகம் காணாத இருவர், ஒருவரையொருவர் இன்னாரென உறுதி செய்துகொள்வதே அதன் நோக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு உண்டு. அதில் எவரும் செய்தியை வைத்துப் பூட்டலாம். உரியவர் மட்டுமே திறக்கலாம். அதன் சாரமான மூன்று படிகள் வருமாறு:

1. ஆனி தன் பெயரையும் ஓர் இரகசிய எண்ணையும் பவானியின் பூட்டிலிட்டு அனுப்புகிறாள்.

2. பவானி அவ்வெண்ணோடு தன் இரகசிய எண்ணையும் சேர்த்து, ஆனியின் பூட்டிலிட்டு அனுப்புகிறாள்.

3. ஆனி, பவானியின் எண்ணை அவளது பூட்டிலிட்டுத் திருப்பி அனுப்புகிறாள்.

இதிலிருந்த ஓட்டையைப் பதினேழு ஆண்டுகள் கழித்து, 1995-இல் கேவின் லோ என்பவர் வெளியிட்டார். அது என்ன?

ஆனி ஒரு வஞ்சகியோடு உரையாடத் தொடங்குகிறாள் எனக் கொள்வோம். வஞ்சகி அச்செய்தியைத் திறந்து, பவானியின் பூட்டிலிட்டு, ஆனி அனுப்பியதுபோல் பவானிக்கு அனுப்புகிறாள். பவானியின் மறுமொழி ஆனியின் பூட்டில் வருகிறது. வஞ்சகியால் அதைத் திறக்க இயலாது. ஆகவே அப்படியே ஆனிக்கு அனுப்பிவிடுகிறாள். ஆனியோ உள்ளிருப்பது வஞ்சகியின் எண் என நம்பி, அதை வஞ்சகியின் பூட்டிலிட்டு அனுப்புகிறாள். பவானியின் இரகசியம் வஞ்சகியின் கையில்! அதைக்கொண்டு மூன்றாம் படியையும் அவளே முடித்துவிடுகிறாள். பவானியோ ஆனியுடன் பேசுவதாகவே எண்ணியிருக்கிறாள்.

ஓர் உரையாடலை மட்டும் நோக்கினால் இக்குறை தெரியாது. இரண்டு உரையாடல்கள் பின்னும்போதே தெரியும். இத்தகைய பின்னலை ஆராய்வதற்கான குறியீட்டு முறைக்கு 1978-இல் ஹோர் என்னும் ஆங்கிலேய அறிஞர் வித்திட்டார். பங்கேற்கும் ஒவ்வொருவரின் செயலையும் தனித்தனியே எழுதி, செய்தி பரிமாறும் இடங்களில் அவற்றை இணைப்பதே அம்முறை. 1996-இல் லோ, ஆனி, பவானி, வஞ்சகி போன்ற மூவரையும் இவ்வாறு எழுதி இணைத்தார். எஃப்.டி.ஆர். என்னும் கணிப்பொறிக் கருவி, நிகழக்கூடிய வரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடி அவ்வஞ்சகத்தைக் காட்டிக்கொடுத்தது.

திருத்தம் மிக எளிது. இரண்டாம் படியில் பவானி தன் பெயரையும் சேர்த்தால் போதும்! “நான் பேசியது இவளோடு அல்லவே!” என்று ஆனி நிறுத்திவிடுவாள்.

இன்று நம் பெற்றோர் கைபேசி வழியே பணம் செலுத்தும்போதும் இத்தகைய நெறிமுறைகளே காவல் நிற்கின்றன. ஆகவே மாணவியரே, பகுதிகள் சரியாயின் முழுமையும் சரியென முடிவு செய்யாதீர். இணைத்துப் பார்த்தே தெளிவீர்!