முடிவில்லாச் சமவெளி

நுழையும் முன்

மழை பெய்யும் இடம் நோக்கி ஆண்டு முழுவதும் நடக்கும் விலங்குக் கூட்டம் ஒன்று உண்டு. அது வாழ்வதற்கு மாடுகளுக்கு இடப்பட்ட தடுப்பூசியும் ஒரு காரணம் என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ? அதனை இப்பாடத்தில் அறிவோம்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் அமைந்துள்ளது செரங்கெட்டி தேசியப் பூங்கா. மாசாய் மொழியில் ‘முடிவில்லாச் சமவெளி’ என்பது இப்பெயரின் பொருளாகும். 1951ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இப்பூங்கா, 1981இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. சவன்னா எனப்படும் பரந்த புல்வெளியும், குடை விரித்தாற்போன்ற வேலமரங்களும், இடையிடையே எழும் பாறைக் குன்றுகளும் இந்நிலத்தின் அழகாகும். சிங்கம், சிறுத்தை, யானை, ஒட்டகச்சிவிங்கி, கழுதைப்புலி முதலியன இங்கு வாழ்கின்றன.

வில்டபீஸ்ட் என்னும் மறிமானே இந்நிலத்தின் உயிர்நாடி. மாட்டைப் போன்ற கொம்பும் குதிரையைப் போன்ற பிடரியும் உடைய இவ்விலங்குகள் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டவை. மழைக்காலத்தில் இவை தெற்குச் சமவெளியில் தங்கும். பழைய எரிமலைகளின் சாம்பல் படிந்த மண்ணாதலால், அங்கு விளையும் குறும்புல் சுண்ணாம்புச் சத்து மிக்கது. பாலூட்டும் தாய்க்கு ஏற்றது. எனவே, பெரும்பாலான கன்றுகள் அங்கே சில வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. ஒரே காலத்தில் பிறப்பதால் கொன்றுண்ணிகளால் அனைத்தையும் வேட்டையாட இயலாது. பிறந்த சில நிமிடங்களிலேயே கன்று எழுந்து நிற்கும். விரைவில் தாயுடன் ஓடவும் தொடங்கும்.

புல் வறண்டதும் கூட்டம் வடக்கு நோக்கிப் புறப்படும். வரிக்குதிரைகளும் உடன் செல்லும். வரிக்குதிரை உயரமான முரட்டுப் புல்லை மேயும். மறிமான் அடியிலுள்ள இலைகளை மேயும். சிறுமான்கள் பின்னர்த் துளிர்ப்பதை மேயும். முதலைகள் நிறைந்த மாரா ஆற்றைக் கடக்கையில் பல உயிர்கள் மடிகின்றன. அவற்றின் உடல்கள் மீன்களுக்கும் கழுகுகளுக்கும் உணவாகின்றன.

இக்கூட்டம் எப்போதும் இவ்வளவு பெரியதாக இருக்கவில்லை. 1890களில் வெக்கை நோய் ஆப்பிரிக்காவில் பரவியது. மாசாய் மக்களின் மாடுகள் பெரும்பாலும் மாண்டன. மக்கள் பசியால் வாடினர். மாடுகளிடமிருந்து அந்நோய் மறிமான்களுக்கும் தொற்றி, ஆண்டுதோறும் கன்றுகளைக் கொன்றது. 1950களிலும் 1960களிலும் சுற்றுப்புற மாடுகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டது. மறிமான் ஒன்றுக்கும் ஊசி இடவில்லை. ஆயினும் அவற்றிடமிருந்தும் நோய் அகன்றது. 1961இல் ஏறத்தாழ 2.5 இலட்சமாக இருந்த அவற்றின் தொகை, அடுத்த 20 ஆண்டுகளுக்குள் 12 இலட்சத்தைக் கடந்தது. அவை புல்லை மேய்ந்து குறைத்ததால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் மரக்கன்றுகள் வளர்ந்தன. 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அந்நிலத்தில் மாடு மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள், 1959இல் பிரித்தானிய ஆட்சியால் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டு, அருகிலுள்ள இங்கோரோங்கோரோ பகுதிக்கு அனுப்பப்பட்டனர். விலங்கைக் காக்கும்போது அந்நிலத்து மக்களின் வாழ்வையும் எங்ஙனம் காப்பது என்னும் வினா இன்றும் அங்கு நிலவுகிறது.

சொல்லும் பொருளும்

பிடரி – பின்கழுத்து. இங்கு அதிலுள்ள மயிர்
கொன்றுண்ணி – பிற விலங்கைக் கொன்று உண்பது
வெக்கை நோய் – மாடுகளைத் தாக்கும் கொடிய தொற்றுநோய்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. தெற்குச் சமவெளியின் புல் சத்து மிக்கதாக இருப்பது ஏன்?
2. மறிமான்கள் பெருகியதால் மரங்கள் வளர்ந்தது எவ்வாறு?

ஆ. பிரித்து எழுதுக.
1. முடிவில்லா 2. ஆண்டுதோறும் 3. காட்டுத்தீ

இ. கலந்துரையாடுக.
நீங்கள் வாழும் மாநிலத்தில் உள்ள காப்புக்காடு ஒன்றன் பெயரைக் கேட்டறிக. அங்கு வாழும் மக்களும் விலங்குகளும் ஒருவரையொருவர் எவ்வாறு சார்ந்துள்ளனர் என வகுப்பில் உரையாடுக.