உணரும் கருவிகள்

இயற்கை மனிதனுக்கு ஐம்புலன்களை அளித்துள்ளது. அவன் கண்ணால் காண்கிறான், செவியால் கேட்கிறான், மூக்கால் முகர்கிறான், நாவால் சுவைக்கிறான், மெய்யால் தொட்டு உணர்கிறான். இவற்றின் துணைகொண்டே அவன் உலகை அறிந்தான், தொழில்களை வளர்த்தான், தீங்குகளினின்றும் தன்னைக் காத்துக்கொண்டான். எனினும், இப்புலன்களுக்கு எல்லை உண்டு. விரைந்தோடும் பொருளைக் கண் தொடர்ந்து காண இயலாது. நள்ளிருளில் நிற்கும் விலங்கை அது அறியாது. கை தொட்டறியும் நுண்மைக்கும் ஓர் அளவு உண்டு; களைப்பு வந்துற்றால் அவ்வளவும் குறைந்துவிடும். இக்குறையை நிரப்புவதற்காக அறிவியல் அறிஞர்கள் ஆக்கிய கருவிகளே உணரிகள் எனப்படுவன.

வெப்பம், ஒளி, ஒலி, அழுத்தம், ஈரம் முதலியவற்றில் நிகழும் மாறுதலை மின்குறிப்பாக மாற்றித் தருவதே உணரியின் தொழில். அக்குறிப்பைக் கொண்டு ஒரு விளக்கை எரியச் செய்யலாம். ஓர் இயந்திரத்தை நிறுத்தலாம். ஒரு படத்தை எடுக்கச் செய்யலாம். உணரிகளைப் பற்றி ஏட்டில் மட்டும் கற்பதைவிட, அவை உழைக்கும் இடங்களில் வைத்து அறிவது நலம். அதற்கு விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் இரண்டு மிகவும் ஏற்றவை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பிறந்த ஊர் என்னும் பெருமை உடையது. இராஜபாளையம் நூற்பாலைகளால் பெயர்பெற்றது. 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அங்கு இராஜபாளையம் மில்ஸ் என்னும் ஆலையைத் தோற்றுவித்தார். பின்னர் ஆலைகள் பல எழுந்தன. இவ்விரண்டு ஊர்களுக்கும் மேற்கே மலையும் காடும் விரிந்து கிடக்கின்றன. அருகிவரும் சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காக 1988ஆம் ஆண்டில் அங்கு ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதனோடு மேகமலைக் காடும் சேர்க்கப்பட்டு, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயிற்று. ஒருபுறம் பஞ்சு நூலாகும் ஆலை. மறுபுறம் புலி உலவும் கானகம். இவ்விருவகை இடங்களிலும் உணரிகள் பணிபுரிகின்றன.

முதலில் ஆலையில் நிகழ்வதைக் காண்போம். நூற்பு இயந்திரத்தில் நூற்கப்பட்ட நூல் சிறு சிறு பாபின்களில் சேர்கிறது. பின்னர் அது பெரிய கோன்களில் சுற்றப்படுகிறது. நூல் முழுவதும் ஒரே பருமனாக இருத்தல் வேண்டும். தடித்த இடம் நெய்த துணியில் தழும்புபோலத் தெரியும். மெலிந்த இடம் தறியில் அறுந்துபோகும். இழை அறுந்தால் தறி நிற்கும். நெய்த அளவுக்கே கூலி பெறும் நெசவாளிக்கு, தறி நின்ற நேரமெல்லாம் இழப்பே அன்றோ? ஆதலின் நூலின் குற்றத்தை ஆலையிலேயே கண்டு களைதல் கடமையாகும்.

முன்னாளில் இதற்கு உலோகத் தகட்டிடைப் பிளவு ஒன்றே துணையாக இருந்தது. நூல் அக்குறுகிய பிளவின் வழியே செல்லும். தடித்த இடம் வந்தால் அதில் சிக்கி அறும். தொழிலாளி அறுந்த முனைகளை முடிந்துவிடுவார். ஆனால் அப்பிளவு தடிப்பை மட்டுமே தடுத்தது. மெலிவை அது அறியவில்லை. மேலும், நூல் ஓயாது உராய்வதால் அதன் மேனியும் கெட்டது.

இந்நாளில் கோன் சுற்றும் இயந்திரத்தில் நூல் நிமிடத்திற்கு 1,000 மீட்டருக்கு மேலும் ஓடுகிறது. 1,200 மீட்டர் என்று கொண்டால், ஒரு விநாடிக்கு 20 மீட்டர் ஆகும். அவ்விரைவில் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குற்றம், ஒரு விநாடியின் 2,000இல் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். மனிதன் ஒருமுறை இமைப்பதற்குள் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட நூல் ஓடிவிடும். இதனைக் கண்ணாலோ கையாலோ அறிவது எங்ஙனம்?

இங்கேதான் உணரி துணைநிற்கிறது. இரண்டு சிறிய உலோகத் தகடுகள் எதிரெதிரே நிறுத்தப்பட்டிருக்கும். இவ்வமைப்புக்கு மின்தேக்கி என்பது பெயர். தகடுகளுக்கு இடையே வெறுங்காற்று இருக்கும்பொழுது அது தேக்கும் மின்சாரத்திற்கு ஓர் அளவு உண்டு. நூல் இடையே செல்லும்பொழுது அவ்வளவு மாறும். நூல் தடித்தால் மாறுதல் மிகும், மெலிந்தால் குறையும். மாறுதல் வரம்பைக் கடந்தவுடன் சிறு கத்தி ஒன்று நூலை அறுக்கும். குற்றமுள்ள பகுதி நீக்கப்பட்டபின், காற்றின் வேகத்தால் இரு முனைகளும் முடிச்சின்றி ஒன்றோடொன்று முறுக்கி இணைக்கப்படும். மின்தேக்கியைக் கொண்டு நூலின் சீர்மையை அளக்கும் இம்முறை, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுவிட்சர்லாந்து நாட்டிலுள்ள ஊஸ்டர் நகரில் வளர்ச்சியுற்று, உலகெங்கும் பரவியது.

ஆயினும் இவ்வுணரியும் ஏமாறுவது உண்டு. தகடுகளுக்கிடையே தண்ணீர் நிறைந்திருந்தால், காற்று மட்டும் இருந்தபோது தேக்கியதைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு மின்சாரத்தை மின்தேக்கி தேக்கவல்லது. ஆதலால், நூலில் ஈரம் மிகுந்தால், அது தடித்துவிட்டதாக உணரி பிறழ எண்ணும். இக்குறையைத் தவிர்க்க, ஒளியால் அளக்கும் உணரியும் ஆக்கப்பட்டது. நூலின்மீது ஒளியைப் பாய்ச்சி, அதன் நிழலை அளந்து பருமனை அறிவது அதன் முறை. நூலில் பட்டு மீளும் ஒளியைக்கொண்டு, பஞ்சில் கலந்துவிட்ட சணல், தலைமயிர், வண்ணத்துணி இழை ஆகியவற்றையும் அது கண்டுபிடிக்கிறது.

ஒளிக்கும் அகப்படாத பொருள் ஒன்று உண்டு. அது வெண்ணிறப் பிளாஸ்டிக் சாக்கின் இழை. காட்டில் பருத்தி எடுப்போர் அதனைச் சாக்குகளில் கட்டும்பொழுது, சாக்கின் பிசிறுகள் பஞ்சோடு கலந்துவிடுகின்றன. பஞ்சும் வெண்மை, பிசிறும் வெண்மை. ஆதலின் ஒளி உணரி மயங்குகிறது. துணியில் சாயம் ஏற்றும்பொழுதோ பஞ்சு சாயத்தைப் பற்றும், பிளாஸ்டிக் பற்றாது. துணி முழுவதும் வெள்ளைக் கீற்றுகளாகத் தோன்றும். இதனைக் கண்டறிய ஆராய்ச்சியாளர் வேறொரு வழியை நாடினர். சீப்பைத் தலைமயிரில் தேய்த்தால் மின்னேற்றம் பெறுவதைச் சிறுவரும் அறிவர். உராயும்பொழுது பஞ்சு பெறும் மின்னேற்றம் வேறு. பிளாஸ்டிக் பெறும் மின்னேற்றம் வேறு. இவ்வேறுபாட்டைக் கொண்டு வெள்ளைப் பிசிறைக் கண்டறியும் உணரிகள் இன்று பயன்பாட்டில் உள்ளன.

இத்துணை நுட்பங்கள் அமைந்தும், முடிவு செய்யவேண்டிய ஒன்று மனிதனிடமே உள்ளது. எத்துணைத் தடிப்பைக் குற்றம் எனக் கொள்வது? வரம்பை மிகவும் நெருக்கினால், இயந்திரம் அடிக்கடி நூலை அறுத்து இணைத்துக்கொண்டே இருக்கும், உற்பத்தி குறையும், இணைப்புகள் பெருகும். வரம்பைத் தளர்த்தினால், குற்றமுள்ள நூல் நெசவாளியின் கைக்குப் போய்ச் சேரும். நூலையும், அது எத்துணிக்கு உரியது என்பதையும் நன்கறிந்த தொழிலறிஞரே இவ்வரம்பைக் குறிக்க வல்லவர்.

இனி, ஆலையை விடுத்துக் கானகத்தை நோக்குவோம். அங்கு வனத்துறையினர் விலங்குகள் செல்லும் தடங்களில், மரங்களிலே தானியங்கிக் கேமராக்களைக் கட்டிவைக்கின்றனர். விலங்கு எதிரே கடந்தவுடன் கேமரா தானே படம் எடுக்கிறது. அதனைத் தூண்டுவது வெப்ப உணரி. 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர், சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துச் சோதித்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறக் கண்டார். கண்ணுக்குப் புலனாகாத அக்கதிர்களே அகச்சிவப்புக் கதிர்கள். புலியின் உடலும் மனிதனின் உடலும் இரவும் பகலும் இக்கதிர்களை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன.

வெப்பம் மாறும்பொழுது மின்னேற்றம் கொள்ளும் படிகங்கள் சில உண்டு. கேமராவின் உணரியில் அத்தகைய படிகத் துண்டுகள் இரண்டு ஒன்றற்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். காடு முழுவதும் ஒருசேரச் சூடேறினால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும், குறிப்பு எழாது. விலங்கு ஒன்று குறுக்கே நடந்தால், அதன் வெப்பம் முதலில் ஒரு துண்டிலும் பின்னர் மற்றதிலும் படும், குறிப்பு எழும். புலியின் உடற்கோடுகள் மனிதனின் கைரேகை போன்றவை. ஒரு புலியின் கோடுகள் மற்றொன்றிற்கு இரா. வலப்புறக் கோடுகளும் இடப்புறக் கோடுகளும் வேறுபடுவதால், தடத்தின் இருமருங்கிலும் கேமராக்களை அமைப்பர். இவ்வாறு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் கண்டு எண்ணுகின்றனர்.

2018ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடைபெற்ற புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இக்கேமராக்கள் அமைக்கப்பட்டன. அவை எடுத்த படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலியின் படங்கள் 76,651 மட்டுமே. ஏறத்தாழ 450 படங்களுக்கு ஒரு படத்தில்தான் புலி இருந்தது எனலாம். ஏனையவற்றில் பிற விலங்குகளும் மனிதரும் இருந்தனர். வெயிலில் காய்ந்து காற்றில் அசையும் புல்லும் உணரியைத் தூண்டிவிடுவது உண்டு. இப்படங்களை வகைபிரிக்க இன்று கணிப்பொறிகள் பயிற்றப்பட்டுள்ளன.

ஆலையில் ஈரம் உணரியை ஏமாற்றியது போலவே, காட்டில் கோடை அதனை ஏமாற்றும். கோடை நண்பகலில் பாறையும் மண்ணும் விலங்கின் மேனியளவு சூடேறிவிட்டால், இரண்டிற்கும் வெப்ப வேறுபாடு அற்றுப்போகும். அப்பொழுது விலங்கு எதிரே நடந்தாலும் உணரி அறியாமல் இருந்துவிடலாம். மேலும், தரையில் உள்ள தடத்தை நோக்கிக் கட்டிய கேமரா, மர உச்சியில் வாழும் சாம்பல் நிற மலை அணிலைக் காண்பதில்லை. அதனை அறிய, மனிதர் காட்டினுள் நடந்து, அண்ணாந்து பார்த்து, அதன் கூடுகளைத் தேடுதல் வேண்டும்.

இத்துறையில் ஆராய்ச்சி மேன்மேலும் வளர்ந்து வருகிறது. கோவையை அடுத்த மதுக்கரையில், இருப்புப்பாதையைக் கடக்கும் யானைகளைக் காப்பதற்காக, 12 கோபுரங்களில் வெப்பத்தைக் காணும் கேமராக்கள் அமைக்கப்பட்டன; 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவ்வமைப்பு தொடங்கி வைக்கப்பட்டது. யானை நெருங்குவதைக் கணிப்பொறி அறிந்து எச்சரிக்கை விடுக்கும். வடகிழக்கு மாநிலங்களின் இரயில்வேயிலோ, பாதையோரம் புதைத்த ஒளியிழைக் கம்பியே உணரியாகப் பயன்படுகிறது. யானையின் காலடி அதிர்வால் கம்பியினுள் சிதறி மீளும் ஒளி மாறுபடும்; அம்மாறுபாட்டைக் கொண்டு யானை நிற்கும் இடத்தை அறிவர். மலையடிவாரத்து மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் யானைகள் புகுவது இராஜபாளையம் பகுதி உழவர்க்குப் பழகிய துன்பம். யானைக்கும் தீங்கின்றி, உழவர்க்கும் இழப்பின்றி இரு சாராரையும் காக்க, முன்னரே அறிவிக்கும் இத்தகைய கருவிகள் உதவக்கூடும்.

எனினும், ஆலையும் கானகமும் உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. உணரி அறிவது மாறுதலை மட்டுமே. அம்மாறுதலின் பொருளை அது அறியாது. நூல் தடித்தது என்று அது சொல்லும். அத்துணியை அணிபவரை அது அறியாது. வெப்பம் அசைந்தது என்று அது சொல்லும். அது புலியா, புல்லா என்பதை அதற்குக் கற்பித்தவன் மனிதன். கருவியை எங்கே வைப்பது, வரம்பை எங்கே குறிப்பது, எச்சரிக்கை வந்தபின் என்ன செய்வது என்பவற்றை ஆராய்ந்து முடிவு செய்யும் பொறுப்பு அவனுடையதே. புலன்களின் எல்லையைக் கருவிகள் விரிக்கின்றன. அவ்வாறு விரிந்த எல்லைக்கு ஏற்ப அறிவும் அருளும் விரிதல் வேண்டும். அப்பொழுதுதான் அக்கருவிகளால் நெசவாளியும் உழவரும் கானகத்து உயிர்களும் ஒருங்கே நலம் பெறுவர்.