இல்லம் படிக்கும் எழுத்து
(உயர்நிலைப் பள்ளியும் பெற்றோரும் பற்றிய ஓர் ஆய்வு)

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வி குறித்து ஐந்து செய்திகளை வகுத்துரைக்கிறது. நூலின் இயல்பு, ஆசிரியரின் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கரின் இயல்பு, பாடங்கேட்கும் முறை என்பன அவை. நல்லாசிரியர் யார், நன்மாணாக்கர் யார் என்பதை இத்துணை நுட்பமாக ஆராய்ந்த அப்பகுதியில், மாணாக்கரின் தாய் தந்தையர்க்குரிய கடமை என்று எதுவும் கூறப்படவில்லை. இதனை நூலின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. மாணாக்கர் ஆசிரியரை அடுத்திருந்து, அவர் நிழல்போல் வாழ்ந்து பயின்ற காலம் அது. பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைத்ததோடு பெற்றோர் கடன் முடிந்தது.

இன்றைய நிலை வேறு. நம் பிள்ளைகள் காலையில் பள்ளிக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகின்றனர். ஆசிரியர் அறியாத பாதி வாழ்க்கை வீட்டில் நடைபெறுகிறது. பெற்றோர் அறியாத பாதி வாழ்க்கை பள்ளியில் நடைபெறுகிறது. இவ்விரு பாதிகளையும் இணைக்கும் பாலம் எது? அப்பாலம் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஏன் இற்றுப் போகிறது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேனாம்பேட்டையில் ஓர் இல்லம்

எடுத்துக்காட்டாக, தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் சாலைக்கும் அண்ணா சாலைக்கும் இடைப்பட்ட சந்துகளுள் ஒன்றில் ஓர் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். தாய் காலை ஆறரை மணிக்கே வீட்டு வேலைக்குப் புறப்பட்டு விடுகிறார். இருவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். வீட்டில் பேசுவது உருது. தெருவில் பேசுவது தமிழ். தாய்க்குத் தடையின்றி ஓத வருவது திருக்குர்ஆனின் அரபு எழுத்து மட்டுமே. மகள் ஒன்பதாம் வகுப்பில் பயில்கிறாள்.

ஐந்தாம் வகுப்பு வரை அத்தாய் மகளின் அருகமர்ந்து எழுத்துக் கூட்டச் சொன்னார். வாய்பாடு ஒப்பிக்கச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதமும் வேதியியலும் வந்தபோது, தமக்கு இனி இங்கு வேலையில்லை என்று ஒதுங்கிக் கொண்டார். பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. பெற்றோர் கூட்டம் வேலை நாளில் காலை பத்து மணிக்கு நடைபெறுகிறது. அதற்குச் செல்வதென்றால் அன்றைய கூலியை இழக்க வேண்டும். மதிப்பெண் அட்டை வருகிறது. மகள் காட்டிய இடத்தில் தந்தை கையொப்பமிடுகிறார். தாம் எதற்குக் கையொப்பமிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது.

இந்நிலையில் ஆசிரியர் அறையில் எழும் தீர்ப்பு யாது? "அந்த வீட்டில் அக்கறை இல்லை" என்பதே அது. இல்லத்தில் எழும் தீர்ப்பு யாது? "பள்ளியில் கூப்பிட்டு அனுப்பினால் ஏதோ வம்பு" என்பதே அது. "அம்மாவை அழைத்து வா" என்று ஆசிரியர் சொல்லும் சொல் நம் நாட்டில் தண்டனையின் பெயராகவே ஆகிவிட்டது. கட்டணம் நிலுவையில் இருந்தால் அழைப்பு. பிள்ளை தவறு செய்தால் அழைப்பு. நல்ல செய்தி சொல்ல அழைக்கப்பட்ட பெற்றோர் எத்தனை பேர்? அக்கறையின்மை என்று நாம் கருதுவதில் பெரும்பகுதி அச்சமும் நாணமும் நேரமின்மையுமே ஆகும்.

படிக்காத பெற்றோர் செய்யக் கூடியது என்ன?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். பாடமே தெரியாத பெற்றோர் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு என்ன உதவி செய்ய இயலும்? இதற்கு விடை தரும் ஆராய்ச்சி ஒன்றைக் காண்போம். அமெரிக்க அறிஞர்கள் நான்சி ஹில், டயானா டைசன் ஆகிய இருவரும், நடுநிலைப் பள்ளிப் பருவத்தில் பெற்றோர் ஈடுபாடு குறித்து வெளிவந்த 50 ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டு 2009ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டனர். பெற்றோர் அருகிருந்து வீட்டுப்பாடத்தில் உதவுவதால் பயன் உறுதியாக விளைவதாக அவ்வாய்வு காட்டவில்லை. மிகுந்த பயனோடு தொடர்புற்றதாக அவர்கள் கண்டது பிறிதொன்று. கல்வியின் பயன் யாது என்பதைப் பிள்ளையோடு பேசுதல், அதன்மேல் தாம் கொண்ட எதிர்பார்ப்பை வெளிப்படுத்துதல், பாடத்தைப் பிள்ளையின் விருப்பத்தோடும் எதிர்காலத்தோடும் இணைத்துப் பேசுதல், வருங்காலத்தைத் திட்டமிட உதவுதல் ஆகியனவே அவை.

அமெரிக்கச் சூழல் வேறு, நம் சூழல் வேறு என்பது உண்மையே. எனினும் இம்முடிவு நமக்குப் பெரும் ஆறுதல் அளிக்கிறது. இயற்கணிதம் அறியாத தாயும் "நீ என்ன ஆக விரும்புகிறாய்?" என்று வினவலாம். "இன்று பள்ளியில் எது கடினமாக இருந்தது?" என்று கேட்கலாம். உறவினர் இல்லத் திருமணத்திற்காகத் தேர்வு வாரத்தில் ஊருக்குச் செல்லாதிருக்கலாம். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்து மாலையில் இரண்டு மணி நேரம் மகளை விடுவிக்கலாம். இவற்றிற்குப் பட்டம் வேண்டுவதில்லை. ஆனால், தேர்வு வாரம் எது, மகள் எதில் பின்தங்கியிருக்கிறாள், அடுத்து அவள் எடுக்க வேண்டிய முடிவு எது என்னும் செய்திகள் மட்டும் உரிய காலத்தில் வந்து சேர வேண்டும்.

அறியாமையின் விலை

செய்தி வந்து சேராமையால் விளையும் இழப்புக்கு நம் மாநிலத்திலேயே சான்றுகள் உள்ளன. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு இயற்றியது. அவ்வாறே ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இவற்றை அறியாத தந்தை ஒருவர், மகளின் நலம் கருதியே, கடன் வாங்கி ஒன்பதாம் வகுப்பில் அவளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால், அம்மாணவி தன் உள்ஒதுக்கீட்டுத் தகுதியை இழந்து விடுகிறாள். மாற்றுவதா வேண்டாவா என்பது அக்குடும்பத்தின் உரிமை. எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று அறிந்து முடிவெடுப்பதும் அவர்களின் உரிமையே.

பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பதும் அத்தகையதே. கணிதம் இல்லாத பிரிவைத் தேர்ந்தால் பொறியியலின் பெரும்பாலான கதவுகள் மூடிக்கொள்கின்றன. உயிரியல் இல்லாத பிரிவைத் தேர்ந்தால் மருத்துவத்திற்கான நேர்வழி அடைபடுகிறது. இச்செய்தியைச் சேர்க்கை நாளன்று அலுவலகச் சாளரத்தின் முன் வரிசையில் நிற்கும்போது கேட்டுப் பயன் என்ன? பத்தாம் வகுப்புத் தொடங்கும்போதே அது இல்லத்தை எட்டியிருக்க வேண்டும். "பத்து முடித்தால் போதும்" என்று மகளின் படிப்பை நிறுத்த எண்ணும் இல்லங்களுக்கு இச்செய்தி இன்னும் முன்னதாகவே சென்றடைய வேண்டும். பெரியவர்கள் கூடி முடிவெடுத்த பின்னர் ஆசிரியர் சென்று பேசுவது, பெரும்பாலும் காலம் கடந்த முயற்சியாகவே முடிகிறது.

சட்டமும் அதன் எல்லையும்

பள்ளியோடு மக்களை இணைக்கும் முயற்சி தமிழகத்திற்குப் புதியதன்று. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் விளங்கிய காலத்தில், 1958ஆம் ஆண்டு கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் பரவின. தம் ஊர்ப் பள்ளிக்கு எது தேவை என்று ஊராரே எண்ணிப் பார்த்து, இருக்கையும் கட்டடமும் பிறவும் நன்கொடையாக அளித்தனர்.

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என அது விதித்தது. கொடையாளராக இருந்த ஊரார் கருத்துரைக்கும் உரிமை பெற்ற பெற்றோர் ஆயினர். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு 'நம் பள்ளி நம் பெருமை' என்னும் பரப்புரையோடு இக்குழுக்கள் புத்துயிர் பெற்றன.

ஆயினும் இரண்டு எல்லைகளை நாம் மறத்தல் ஆகாது. அச்சட்டம் உறுதியளிக்கும் கல்வி ஆறு முதல் பதினான்கு வயது வரைக்கும் உரியது. ஒன்பது, பத்தாம் வகுப்புகள் அதன் காப்புக்கு அப்பால் நிற்கின்றன. மேலும், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள், அரசு உதவி பெறுவனவாயினும் பெறாதனவாயினும், அச்சட்டத்திற்கு உட்பட்டன அல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மீளாய்வு செய்தல் வேண்டுமோ என்னும் வினா 2025இல் அந்நீதிமன்றத்திலேயே எழுந்தது. வழக்கின் போக்கு எவ்வாறாயினும் ஆகுக. அச்சட்டத்தின் கட்டாயம் எட்டாத இடத்தில் மனச்சான்றின் கட்டாயம் தொடங்குகிறது. பிள்ளைகளை இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்றும், கலந்தாலோசித்தலை வாழ்க்கை நெறி என்றும் போற்றும் சமுதாயம், பெற்றோரைக் கலந்து பேசுவதற்கு அரசாணையை எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை.

அரபுத் தமிழ் காட்டும் வழி

எவ்வாறு பேசுவது என்பதற்கு நம் முன்னோரிடமே பாடம் உண்டு. தமிழக முஸ்லிம்களிடையேயும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் அரபுத் தமிழ் என்னும் எழுத்து மரபு வழங்கி வந்தது. மொழி தமிழ்; எழுத்து அரபு. தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் சில குறிகளையும் சேர்த்துக் கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெருமக்கள் மார்க்க விளக்கங்களை அவ்வெழுத்தில் எழுதினர். திருக்குர்ஆன் ஓதப் பழகியிருந்தும் தமிழ் எழுத்தறியாத இல்லத்துப் பெண்கள் அந்நூல்களைத் தாமே படித்து உணர்ந்தனர். "எங்கள் எழுத்தைக் கற்று வந்தபின் கேளுங்கள்" என்று அவ்வறிஞர்கள் கூறவில்லை. இல்லம் எந்த எழுத்தைப் படிக்குமோ அந்த எழுத்திற்குச் செய்தியைக் கொண்டு சென்றனர். இன்றைய பள்ளிகள் கற்க வேண்டிய நெறி இதுவே என்பது நம் துணிபு.

அந்நெறியை இன்று ஐந்து செயல்களாக விரிக்கலாம்.

முதலாவது, மொழி. ஒரு பக்க அளவில், எளிய தமிழில் அறிக்கை அமைதல் வேண்டும். தமிழ் படிக்க இயலாதவர்க்கு உருதுவிலோ அவர்கள் பேசும் பிற மொழியிலோ வாய்மொழியாகச் சொல்ல ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது, நேரம். கூலி இழக்காமல் வரக்கூடிய ஞாயிறு முற்பகலோ, மாலை வேளையோ கூட்டத்திற்கு ஏற்றது. மாலையெனில் மக்ரிப் தொழுகைக்கு இடையூறின்றி அமைத்தல் நன்று.

மூன்றாவது, முதற்செய்தி நற்செய்தியாதல். ஆண்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பெற்றோரிடமும் அவர் பிள்ளையிடம் கண்ட ஒரு சிறப்பை ஆசிரியர் கூறிவிட்டால், பின்னர்க் குறை கூற நேரும்போது அச்சொல் செவியேறும்.

நான்காவது, செய்தி உரியவரைச் சேர்தல். கைப்பேசிக் குழுவில் அனுப்பிவிட்டதாலேயே கடமை முடிந்து விடாது. பல இல்லங்களில் இருப்பது ஒரே கைப்பேசி. அது பெரும்பாலும் பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. மகன் வகுப்புக்கு வரவில்லை என்னும் செய்தியை மகனே படித்து அழித்து விடுவான். வாரம் ஒருமுறை குரல்வழிப் பேச்சும், தேவைப்படின் நேரில் செல்லுதலும் இன்றியமையாதன.

ஐந்தாவது, மறுமொழிக்கு இடம். பெற்றோரைப் பேசவிட்டுக் கேட்டல் வேண்டும். மகள் இரவில் எத்துணை நேரம் உறங்குகிறாள், எந்தத் தெரு வழியாக வர அஞ்சுகிறாள், யாருடைய ஏளனத்தால் பள்ளியை வெறுக்கிறாள் என்பன தாய் மட்டுமே அறிந்த செய்திகள். பள்ளிக்கு அவை பாடநூலினும் பயன்தருவன.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் மானம் உண்டு. மறைவாகச் சொல்லத்தக்கனவும் உண்டு. பலர் முன்னிலையில் மதிப்பெண்ணைப் படித்துக் காட்டுவதும், இல்லத்தில் அடி வாங்கச் செய்யும் வகையில் புகார் உரைப்பதும் தொடர்பு ஆகா. பிள்ளையையும் உடன் அமர்த்தி மூவருமாகப் பேசுதலே சாலச் சிறந்தது.

நம் பங்கு

தேனாம்பேட்டையில் 1955ஆம் ஆண்டு நீதியரசர் பஷீர் அகமது சயீது அவர்களின் முயற்சியால் மகளிர் கல்லூரி ஒன்று தோன்றியது. பெண்ணை உயர்கல்விக்கு அனுப்பப் பெற்றோர் பலர் தயங்கிய காலம் அது. கட்டடம் எழுப்புவதோடு, பெற்றோரின் நம்பிக்கையையும் ஈட்டினால்தான் அத்தகைய கல்லூரி நிலைபெற முடியும். பள்ளிக்கும் அஃதே பொருந்தும்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் இதில் பணி உண்டு. அருகிலுள்ள பள்ளிகளின் சுற்றறிக்கைகளைத் தாய்மார்க்குப் புரியும் தமிழில் எழுதித் தரலாம். பெற்றோர் கூட்டங்களில் உருதுவும் தமிழும் அறிந்த நம் மாணவியர் மொழிபெயர்ப்பாளராக நிற்கலாம். தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவியர் நம்மிடையே பலர் உள்ளனர். பத்தாம் வகுப்போடு தம் படிப்பு நின்றுவிடாமல் காத்த சொல் யாருடையது என்பது அவர்களுக்குத் தெரியும். அச்சொல்லை அடுத்த இல்லத்திற்குக் கொண்டு செல்வதே அவர்கள் செலுத்தும் நன்றியாகும்.

நன்னூல் சொல்லாது விட்ட கடமையை நாம் சொல்லிக் கொள்வோம். ஆசிரியர், மாணாக்கர் என்னும் இருவரோடு பெற்றோரும் ஓரிருக்கையில் அமர்ந்து பேசும் பள்ளியில், மதிப்பெண் அட்டையில் இடும் கையொப்பம் பொருளறிந்து இடும் கையொப்பமாக விளங்கும். அந்நாள் விரைவில் மலர எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.