தோல்முட்டைக்குக் கோழியைக் குறை சொல்லாதீங்க

திருச்சுழிப் பக்கம் சித்திரை வெயிலில் என் நாட்டுக்கோழிகள் தோல்முட்டையாக இட்டன. இட்டதை அவையே கொத்திக் குடித்தன. 'வித்துருங்க சார்' என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேணும். ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரமாகும். நான் போட்டதோ வெறும் சோளமும் கம்பும். தீனியில் இல்லாததைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். எங்க பேங்க் பாஷையில் ஓவர்டிராஃப்ட். வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து ஓடு இன்னும் மெலியும்.

கிளிஞ்சலை நொறுக்கித் தனிச் சட்டியில் வையுங்க, வேண்டியதைத் தானே தின்னும். முட்டை ஓடு என்றால் வறுத்து, அடையாளம் தெரியாமல் நொறுக்கணும். வேப்பமர நிழலில் மண்சட்டித் தண்ணீர். இரண்டு வாரத்தில் ஓடு கெட்டியாச்சு. கிழக்கோழி ஒன்று மட்டும் இன்னும் தோல்முட்டைதான் இடுது.