வழுக்கும் ரோட்டில் காருக்கு உதவும் டிராக்ஷன் கண்ட்ரோல்



என் அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். போன ஐப்பசி மழையில், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில் குடும்பத்தோடு போனோம். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. அப்பா காரை ஓரம் கட்டினார். இடது முன்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. பக்கத்திலேயே பள்ளம்! கிளப்பினால் சக்கரம் சும்மா சுற்றியது. "எல்லாரும் எறங்கிடலாங்க" என்று அம்மா பயந்துவிட்டார்கள். அப்போது மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மின்னியது. 'டக்டக்' என்று சத்தம் கேட்டது. கார் மெதுவாக ரோட்டில் ஏறிவிட்டது. "இதுதான்டா டிராக்ஷன் கண்ட்ரோல்" என்றார் அப்பா. அதைப் பற்றித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சக்கரம் ஏன் சும்மா சுற்றுகிறது?
டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வுதான் காரைத் தள்ளுகிறது. சேற்றில் உராய்வு குறைவு. எஞ்சினின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தருவது டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் சேற்றில் சுலபமாகச் சுற்றினால், நல்ல தரையில் இருக்கிற மற்ற சக்கரத்துக்கும் அதே குறைந்த விசைதான் கிடைக்கும். அதனால்தான் வண்டி நகர்வதில்லை.

டிராக்ஷன் கண்ட்ரோல் என்ன செய்கிறது?
1. ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சென்சார் அதன் வேகத்தை அளக்கிறது.
2. ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுற்றினால் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது.
3. அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. அப்போது மற்ற சக்கரத்துக்கு விசை கூடுகிறது.
4. தேவைப்பட்டால் எஞ்சின் சக்தியையும் குறைக்கிறது.

இதற்கு அண்ணன் ஏ.பி.எஸ். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1978-இல் ஏ.பி.எஸ்ஸையும், 1986-இல் டிராக்ஷன் கண்ட்ரோலையும் கார்களுக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ் கட்டாயம். ஆனால் ஏ.பி.எஸ் உள்ள எல்லாக் காரிலும் டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

மலை இறங்கும்போது, "இனிமே மழையிலயும் வேகமா போலாமாப்பா?" என்று கேட்டேன். அப்பா வேகத்தை இன்னும் குறைத்தார். "கெளம்பறதுக்கும் ஏறதுக்கும் அது ஒத்தாசை பண்ணும். வளைவுல வேகமா போனா அதால காப்பாத்த முடியாது. ஈர ரோட்ட அது காய வைக்காதுடா!" என்றார்.

அது உண்மைதான். வேகம் 30-லிருந்து 60 கிலோமீட்டர் ஆனால், பிரேக் போட்டபின் கார் ஓடும் தூரம் 2 மடங்கு அல்ல, 4 மடங்கு ஆகும்! ஈரத்தில் இன்னும் கூடும். டயர் தேய்ந்திருந்தால் எந்தக் கம்ப்யூட்டராலும் பிடிப்பைக் கொடுக்க முடியாது. கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். உங்கள் வீட்டு வண்டி டயரை இன்றே பாருங்கள்.

சிந்திக்க: சேற்றில் மாட்டிய சக்கரத்தின் முன்னால் கல்லும் தழையும் போடுகிறார்களே, ஏன்? விடை அடுத்த இதழில்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்